துல்சா: நினைவுக்கு இடமுண்டு, இழப்பீட்டுக்கு இல்லை

2025 நவம்பர் 24 அன்று வயோலா ஃபிளெட்சர் என்னும் கறுப்பின மூதாட்டி தமது 111ஆம் வயதில் மறைந்தார். 1921 மே மாத இறுதியில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சா நகரில், வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பைச் சூறையாடி எரித்தபோது அவருக்கு வயது ஏழு. நூறாண்டுகள் கழித்து, 2021 மே மாதத்தில், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் அமர்ந்து அவர் சாட்சியம் அளித்தார். அந்த இரவில் கண்ட பிணங்களைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. தமது படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுபோனதையும், வாழ்நாளின் பெரும்பகுதியை வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்ணாகக் கழித்ததையும் சேர்த்தே சொன்னார். படுகொலையின் கணக்கை உயிர்களோடு நிறுத்திவிடாமல் பள்ளிக்கூடம், கூலி, வீடு என்று நீட்டி எழுதச் சொன்ன சாட்சியம் அது.

அவர் மறைந்தபோது உலகெங்கும் ஊடகங்கள் இரங்கல் எழுதின. துல்சாவின் மேயர் அஞ்சலி செலுத்தினார். ஆனால் இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கோ ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பே மாநில உச்சநீதிமன்றத்தில் தள்ளுபடியாகியிருந்தது. துல்சா நினைவுகூரக் கற்றுக்கொண்டுவிட்டது. திருப்பித் தருவதற்கு இன்னும் வழி காணவில்லை. அந்த இடைவெளியின் ஊடாகவே இந்நகரத்தையும் அதன் மக்களையும் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

துல்சா, நியூயார்க்கையோ சிகாகோவையோ போல உலகறிந்த பெருநகரம் அன்று. கடலிலிருந்து வெகுதொலைவில், ஆர்கன்சா ஆற்றங்கரையில் அமைந்த நடுத்தர நகரம். 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 4,13,066. ஏறக்குறைய நமது சேலம் மாநகரின் பாதி. அவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 விழுக்காட்டினர். லத்தீன் அமெரிக்க வழியினர் அவர்களைவிடச் சற்று அதிகம். தொல்குடியினரின் இருப்பும் இங்கே கண்கூடாகத் தெரியும். நகரின் நடுவே நிற்கும் உயர்ந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்கள் 1920களில் எண்ணெய்ப் பணம் கட்டியவை. ஒரு காலத்தில் உலகின் எண்ணெய்த் தலைநகர் என்று இந்நகரம் தன்னை அழைத்துக்கொண்டது. இன்று அங்கே பாப் டிலானுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு, வுடி கத்ரிக்கு ஒன்று உண்டு, ஆற்றோரத்தில் தனியார் அறக்கொடையில் உருவான பெரும் பூங்கா உண்டு. 2018 முதல், வேறு ஊர்களிலிருந்து துல்சாவில் குடியேறி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்போருக்கு ஒரு தனியார் அறக்கட்டளை ஆளுக்கு 10,000 டாலர் வழங்கிவருகிறது. புதிதாக வருவோர்க்குக் கொடுக்கப் பணம் இருக்கும் நகரம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இந்த நிலத்தின் கதை எண்ணெயோடு தொடங்கவில்லை. 1830ஆம் ஆண்டின் பழங்குடிகள் அகற்றல் சட்டத்தைக் காட்டி, அமெரிக்க அரசு தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த தொல்குடி நாடுகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. அலபாமாவிலிருந்து துரத்தப்பட்ட மஸ்கோகி மக்களில் ஒரு பிரிவினர், தாம் விட்டுவந்த ஊரின் நெருப்பிலிருந்து சாம்பலைச் சுமந்துவந்து 1836இல் ஒரு கருவாலி மரத்தடியில் இட்டுப் புதிய ஊரை நிறுவினர். அந்த மரம் இன்றும் துல்சாவில் நிற்கிறது. நகரின் பெயரே 'பழைய ஊர்' எனப் பொருள்படும் மஸ்கோகிச் சொல்லின் திரிபுதான்.

ஆனால் அகற்றப்பட்டவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. மஸ்கோகி, செரோக்கி உள்ளிட்ட நாடுகளின் செல்வந்தர்கள் கறுப்பின அடிமைகளையும் உடன் கொண்டுவந்தனர். வெள்ளையரால் விரட்டப்பட்டவரே இன்னொருவரை உடைமையாக வைத்திருந்தனர். படிநிலைச் சமத்துவமின்மை என்பதை அம்பேத்கர் வழியாக அறிந்திருக்கும் நமக்கு இது வியப்பளிக்காது; ஒடுக்கப்பட்டோர் அனைவரும் இயல்பாகவே ஓரணியில் நிற்பார்கள் என்ற எளிய நம்பிக்கையை மட்டும் இது கலைத்துவிடுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் அந்த அடிமைகளை விடுவித்து, அந்தந்த நாடுகளின் குடிகளாக்கின. பின்னர் பொதுநிலம் தனிநபர்களுக்குப் பிரிக்கப்பட்டபோது, மஸ்கோகி நாட்டின் கறுப்பினக் குடிகளுக்கும் தலைக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அமெரிக்கத் தெற்கில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு நிலம் எட்டாக்கனியாகவே இருந்தபோது, இங்கே கறுப்பினத்தவர் நிலவுடைமையாளர் ஆயினர். பிற்காலத்தில் ஓக்லஹோமாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஊர்கள் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்கு சாரா ரெக்டரின் வாழ்க்கை ஒரு சான்று. 1902இல் பிறந்த அந்தச் சிறுமிக்கு ஒதுக்கப்பட்டது விவசாயத்துக்கு உதவாத கரட்டு நிலம். 1913இல் அதில் எண்ணெய் பீறிட்டது. உடனே அவரது சொத்தை நிர்வகிக்க ஒரு வெள்ளையர் காப்பாளராக வாய்த்தார். தொல்குடி, கறுப்பினக் குழந்தைகளின் சொத்துக்கு வெள்ளைக் காப்பாளர் என்பதே அன்றைய ஏற்பாடு. ரெக்டர் தப்பிப் பிழைத்துச் செல்வந்தர் ஆனார். காப்பாளர்களின் கையெழுத்தில் நிலத்தை இழந்தோர் ஏராளம். 1905இல் துல்சாவுக்குத் தெற்கே கிளென்பூல் எண்ணெய் வயல் கண்டறியப்பட்ட பிறகு இந்தக் கையெழுத்துகளுக்கு விலை ஏறியது. 1907இல் ஓக்லஹோமா மாநிலமானது. அதன் சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டமே ரயில் பெட்டிகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைக்கும் சட்டம்.

பிரித்து வைத்தலின் விளைவாகத்தான் கிரீன்வுட் உருவானது. ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே ஓ. டபிள்யூ. கர்லி நிலம் வாங்கிக் கறுப்பினத்தவருக்கு மட்டும் விற்றார். ஜே. பி. ஸ்டிராட்ஃபோர்டு 54 அறைகள் கொண்ட விடுதி கட்டினார். ஏ. ஜே. ஸ்மிதர்மன் 'துல்சா ஸ்டார்' இதழை நடத்தினார். கும்பல் கொலையைக் கண்டால் ஆயுதத்தோடு தடுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். திரையரங்குகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தையற்கடைகள், உணவகங்கள் என்று ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழ்ந்த பகுதி அது. 'கறுப்பு வால் ஸ்டிரீட்' என்று இன்று அதை அழைப்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. அங்கே பங்குச்சந்தை எதுவும் இருக்கவில்லை. பெரும்பாலோர் தண்டவாளத்தைத் தாண்டிச் சென்று எண்ணெய் முதலாளிகளின் வீடுகளில் சமைத்து, துணி வெளுத்து, வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வடிகாலோ இல்லாத மரவீடுகளில் பலர் வாழ்ந்தனர். வெள்ளையர் கடைகள் அவர்களை வாயிலிலேயே நிறுத்தியதால், சம்பாதித்த டாலர் கிரீன்வுட்டுக்குள்ளேயே கைமாறிக் கைமாறிச் சுழன்றது. சில செல்வந்தர்களின் பெருமையாக இதைச் சுருக்கினால், பணிப்பெண்களின் உழைப்பில் ஒரு பொருளாதாரம் எழுந்த உண்மை மறைந்துபோகும்.

1921 மே 30 அன்று, காலணிக்கு மெருகிடும் வேலை செய்த டிக் ரோலண்ட் என்ற 19 வயது இளைஞர், டிரெக்சல் கட்டடத்தின் மின்தூக்கியில் அதை இயக்கிய வெள்ளைப் பெண்ணைத் தாக்க முயன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டார். அங்கே உண்மையில் நடந்தது என்னவென்று எவராலும் உறுதிசெய்ய முடியவில்லை. பின்னர் அவர்மீதான வழக்கே கைவிடப்பட்டது. மறுநாள் மாலை 'துல்சா டிரிப்யூன்' நாளிதழ் அதைப் பெண்மீதான தாக்குதலாக எழுதியது. நீதிமன்றக் கட்டடத்தின் முன் வெள்ளையர் கூட்டம் திரண்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் இதே நகரில் ஒரு வெள்ளைக் கைதியையே கும்பல் இழுத்துச் சென்று தூக்கிலிட்டிருந்தது, காவல்துறையின் கண் முன்னாலேயே. வெள்ளையருக்கே அந்தக் கதி என்றால் ரோலண்டுக்கு என்ன நேரும் என்பதைக் கிரீன்வுட் அறிந்திருந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய முன்னாள் வீரர்கள் உட்பட சுமார் 75 பேர் ஆயுதங்களுடன் நீதிமன்றத்துக்குச் சென்றனர். அவர்களில் ஒருவரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்க முயன்றபோது வெடித்தது. பிறகு விடியும்வரை காத்திருந்து கும்பல் கிரீன்வுட்டுக்குள் நுழைந்தது. நகரக் காவல்துறை நூற்றுக்கணக்கான வெள்ளையரைத் துணைக்காவலராக நியமித்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கும்பலுக்கும் அரசுக்கும் இடையிலான கோடு அன்று காலை அழிந்துபோயிருந்தது.

35 வட்டாரங்கள் எரிந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 1,256 வீடுகள் சாம்பலாயின. மேலும் 215 வீடுகள் கொள்ளையிடப்பட்டன. வானூர்திகள் மேலே பறந்ததையும் எரியும் பந்துகள் விழுந்ததையும் வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்ளின் எழுதிவைத்த கையெழுத்துப் படி 2015இல்தான் கண்டெடுக்கப்பட்டது. கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த அறுவை மருத்துவர் ஏ. சி. ஜாக்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். இறந்தோர் எண்ணிக்கையை அன்றைய அரசு 36 என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் 300 வரை இருக்கலாம் என்கின்றனர். உயிர்தப்பிய சுமார் 6,000 பேர் மாநாட்டு மண்டபத்திலும் விளையாட்டுத் திடலிலும் சந்தைத் திடலிலும் அடைத்துவைக்கப்பட்டனர். வெள்ளை முதலாளி ஒருவர் வந்து பொறுப்பேற்றால்தான் வெளியே வர முடியும்; வந்த பிறகும் அவர் கையொப்பமிட்ட அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த மாநாட்டு மண்டபம் இன்று துல்சா தியேட்டர் என்ற பெயரில் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறது.

இந்நிகழ்வு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'துல்சா இனக் கலவரம்' என்றே அழைக்கப்பட்டது. அந்தச் சொல் தவறு என்பது பலருக்கும் தெரியும். அதற்கு ரொக்க மதிப்பு இருந்தது என்பது போதுமான அளவு பேசப்படவில்லை. தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில் கலவரத்தால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றொரு விதி இருந்தது. நடந்தது கலவரம் என்றால் நிறுவனங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. கிரீன்வுட்டில் கட்டடங்கள் வைத்திருந்த ஒரு வெள்ளையரே வழக்குத் தொடுத்துப் பார்த்தார். 1926இல் ஓக்லஹோமா உச்சநீதிமன்றம் கலவர விதி பொருந்தும் என்று அவரைத் திருப்பி அனுப்பியது. நகர நிர்வாகத்திடம் கோரப்பட்ட சுமார் 18 லட்சம் டாலர் இழப்பீடும் மறுக்கப்பட்டது. குற்றவிசாரணைக் குழுவோ நீதிமன்றத்துக்கு ஆயுதத்தோடு வந்த கறுப்பினத்தவர்மீதே பழியைப் போட்டது. ஸ்டிராட்ஃபோர்டும் ஸ்மிதர்மனும் குற்றம்சாட்டப்பட்டு ஊரைவிட்டே தப்பியோடினர். பத்திரிகை மொழியில் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற தொடரை நாள்தோறும் வாசிக்கும் நாம், தரப்பு இரண்டு என்று எழுதும் கணத்தில் யாருடைய கணக்கு தீர்க்கப்படுகிறது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் அருகிலிருந்த இரு குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டபோதும், குறிவைக்கப்பட்டவை பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்று உழைத்துச் சேர்த்த பொருட்கள்தாம். சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனாலும் எழுந்து நிற்பவரின் உடைமையைத் தேடி எரிக்கும் வெறுப்பு நாம் அறியாதது அன்று.

சாம்பல் ஆறுவதற்கு முன்பே நிலத்தின் மீது கண் விழுந்தது. படுகொலை முடிந்து ஒரு வாரத்தில், ஜூன் 7 அன்று, நகர நிர்வாகம் புதிய தீத்தடுப்பு விதியை இயற்றியது. எரிந்த இடத்தில் தீப்பிடிக்காத பொருட்களால் மட்டுமே கட்ட வேண்டும். அதாவது ஏழைகள் எதையும் கட்டவே கூடாது. அந்த இடத்தை ரயில் முனையத்துக்கும் தொழிற்கூடங்களுக்கும் எடுத்துக்கொண்டு, கறுப்பினத்தவரை இன்னும் வடக்கே தள்ளிவிடலாம் என்று மேயரே பேசினார். பி. சி. ஃபிராங்க்ளின் கூடாரத்தில் அலுவலகம் அமைத்து அந்த விதியை எதிர்த்து வழக்காடி வென்றார். பனிக்காலத்தைக் கூடாரங்களில் கழித்த மக்கள் மீண்டும் கட்டினர். வெளியிலிருந்து பெரிய உதவி எதுவுமின்றி எழுந்த அந்தக் கிரீன்வுட்டில், நான்கே ஆண்டுகளில், 1925இல், தேசியக் கறுப்பின வணிகக் கழகத்தின் மாநாடு நடந்தது. 1940களின் தொடக்கத்தில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்கள் இயங்கின.

ஆகவே கிரீன்வுட்டை அழித்தது 1921இன் தீ மட்டும் என்று நினைப்பது பாதி உண்மைதான். தீ அழித்ததை மக்கள் மீட்டெடுத்தார்கள். மீளவே முடியாத அழிவு திட்டவரைபடத்தோடும் ஒன்றிய அரசின் நிதியோடும் வந்தது. 'நகர்ப்புறப் புதுப்பிப்பு' என்ற பெயரில் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் தொடங்கி, இன்டர்ஸ்டேட் 244 என்ற விரைவுச்சாலை அந்தப் பகுதியின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு சென்றது. இதற்குக் கும்பல் தேவைப்படவில்லை, துப்பாக்கி தேவைப்படவில்லை. மதிப்பீட்டாளர் ஒருவரும் கையகப்படுத்தும் ஆணையும் போதுமானவையாக இருந்தன. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் விரைவுச்சாலைகள் கறுப்பினக் குடியிருப்புகளின் மீதே போடப்பட்டன என்பதால் துல்சா இதில் தனித்ததும் அன்று. இன்று கிரீன்வுட் நிழற்சாலையில் எஞ்சியிருப்பது ஒரு தெருவளவு செங்கல் கட்டடங்கள். அவற்றின் ஓரமாகவே மேம்பாலத்தில் வண்டிகள் இரைந்து ஓடுகின்றன. நடைபாதையில் பதித்த வெண்கலத் தகடுகளில் பழைய கடைகளின் பெயர்களைப் படிக்கலாம்: அழிக்கப்பட்டது 1921, மீண்டும் திறக்கப்பட்டது, அல்லது, மீண்டும் திறக்கப்படவில்லை. விரைவுச்சாலைக்காக மூடப்பட்டவற்றுக்கு அந்தத் தகடுகளில் இடமில்லை.

தண்டவாளம் பிரித்த இடத்தை இப்போது விரைவுச்சாலை பிரிக்கிறது. வடக்குத் துல்சாவுக்கும் தெற்குத் துல்சாவுக்கும் இடையே சராசரி ஆயுளில் பத்தாண்டுக்கும் அதிகமான வேறுபாடு இருப்பதைப் பொதுச் சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வடக்கே பல ஆண்டுகளாக முழுமையான மளிகை அங்காடி இல்லாமலிருந்து, 2021 மே மாதத்தில்தான் ஒன்று திறக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 16 அன்று, பழுதாகி நடுச்சாலையில் நின்ற தமது வண்டியருகே இருந்த டெரன்ஸ் கிரட்சர் என்ற 40 வயதுக் கறுப்பினத்தவரை ஒரு காவலர் சுட்டுக்கொன்றார். அவரிடம் ஆயுதமில்லை, சற்று முன்புவரை அவர் கைகளை உயர்த்தியபடி நடந்ததைக் காணொளி காட்டியது. 2017 மே மாதம் நடுவர் குழு காவலரை விடுவித்தது. கிரட்சரின் கொள்ளுப்பாட்டி 1921இல் கிரீன்வுட்டிலிருந்து உயிர்தப்பியவர். இரட்டைச் சகோதரி டிஃபனி கிரட்சர் இன்று இழப்பீட்டு இயக்கத்தின் முன்னணிக் குரல்களில் ஒருவர்.

மறதியும் இங்கே தானாக நேர்ந்ததன்று. 'துல்சா டிரிப்யூன்' இதழின் அந்த நாள் பதிப்பு நுண்படச்சுருளில் ஏற்றப்படும் முன்பே, ரோலண்ட் பற்றிய செய்தி முதற்பக்கத்திலிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் பள்ளிகளில் இது பேசப்படவில்லை. 1997இல் மாநிலம் அமைத்த ஆணையம் 2001இல் தனது அறிக்கையை அளித்து, உயிர்பிழைத்தோருக்கும் வழித்தோன்றல்களுக்கும் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. மாநிலம் அவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கியது. 2003இல் தொடுக்கப்பட்ட வழக்கைக் காலவரம்பு கடந்துவிட்டது என்று ஒன்றிய நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஆவணங்களைக் கிழித்தவர்களும் வாய்திறக்க அஞ்சச் செய்தவர்களும் கடத்திய காலம், பாதிக்கப்பட்டவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

2020இல் ஃபிளெட்சரும் அவரது தம்பி ஹியூஸ் வான் எல்லிஸும் லெஸ்ஸி பென்னிங்ஃபீல்ட் ராண்டலும் வேறொரு வாயிலைத் தட்டினர். அழிவின் விளைவுகள் இன்றும் தொடர்வதால் இது 'பொதுத்தொல்லை' என்பது அவர்களின் வாதம். அது விசித்திரமான வாதமாகத் தோன்றலாம். ஆனால் ஓக்லஹோமா மாநில அரசே அதே பொதுத்தொல்லைச் சட்டத்தைக் கொண்டு வலிநிவாரணி மருந்துகளைப் பரப்பியதாக ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 2019இல் 57.2 கோடி டாலர் தீர்ப்புப் பெற்றிருந்தது. 2021இல் மாநில உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. அந்தச் சுருங்கிய எல்லைக்கு வெளியே கிரீன்வுட்டும் நின்றது. வான் எல்லிஸ் 2023 அக்டோபரில் 102ஆம் வயதில் இறந்தார். 2024 ஜூன் 12 அன்று வழக்கு முற்றாகத் தள்ளுபடியானது. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, நடந்தது ஒருங்கிணைக்கப்பட்ட, படைத்துறைப் பாணியிலான தாக்குதல் என்று ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடர ஆளில்லை, காலமும் கடந்துவிட்டது என்று முடித்தது.

இதே ஆண்டுகளில் நினைவுகூரல் பெருவளர்ச்சி கண்டது. நூற்றாண்டு ஆணையம் சுமார் 3 கோடி டாலர் திரட்டி 'கிரீன்வுட் ரைசிங்' என்ற வரலாற்று மையத்தை எழுப்பியது. 2021 ஜூன் 1 அன்று அன்றைய அதிபர் பைடன் வந்தார். பதவியிலிருக்கும் அதிபர் ஒருவர் இதற்காக வந்தது அதுவே முதன்முறை. நூற்றாண்டின் முதன்மை நிகழ்ச்சியோ நடக்கவேயில்லை. உயிர்பிழைத்த மூவருக்கும் எவ்வளவு தருவது என்ற பேச்சுவார்த்தை முறிந்ததால் கடைசி நாட்களில் அது கைவிடப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, இன வரலாற்றை வகுப்பறையில் கற்பிப்பதற்குத் தடைகள் விதிக்கும் சட்டத்தில் மாநில ஆளுநர் கையொப்பமிட்டார். நூற்றாண்டு ஆணையத்திலும் அவர் ஓர் உறுப்பினர். ஆணையம் அவரை நீக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் ஒரு தனியார் கொடையாளர் இணையர் மூவருக்கும் சேர்த்து 10 லட்சம் டாலர் வழங்கினர். நகரமோ மாநிலமோ தரவில்லை.

ஓக்லான் கல்லறையில் 2020 முதல் அகழாய்வு நடந்துவருகிறது. 2024 ஜூலையில், அடையாளமற்ற எலும்புகளில் ஒருவருக்கு முதன்முறையாகப் பெயர் கிடைத்தது: சி. எல். டேனியல், ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த முதல் உலகப்போர் வீரர். மரபணுச் சோதனைக்குத் துணைநின்ற ஆவணம் 1936ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. தம் மகன் துல்சாவில் கொல்லப்பட்டதால் வாரிசுக்குரிய உதவித்தொகை வேண்டும் என்று அவரது தாயின் சார்பில் ஒரு வழக்கறிஞர் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு எழுதியது அது. பெயரில்லாத எலும்புக்குப் பெயர் தந்தது ஒரு பண விண்ணப்பம். நினைவைப் புனிதமானதென்றும் பணத்தைக் கேட்பதைத் தரக்குறைவென்றும் பிரித்துப் பேசுவோருக்கு இதைவிடத் தெளிவான பதில் நமக்குத் தெரியவில்லை.

காலம் கடந்துவிட்டால் எதுவும் செய்ய இயலாது என்பதும் உண்மையன்று. 2020 ஜூலை 9 அன்று, மெக்கர்ட் வழக்கில், மஸ்கோகி நாட்டின் ஆட்சிப்பகுதி ஒருபோதும் சட்டப்படி கலைக்கப்படவில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாநிலம் மதிக்க மறுத்த ஒப்பந்தம் செல்லும் என்றானது. துல்சாவின் பெரும்பகுதி தொல்குடி நாடுகளின் எல்லைக்குள் இருப்பது உறுதியானது. அதே மஸ்கோகி நாடு 1979 அரசமைப்பின் மூலம் தன் முன்னாள் அடிமைகளின் வழித்தோன்றல்களைக் குடியுரிமையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டின் உச்சநீதிமன்றமே 1866 ஒப்பந்தத்தைக் காட்டி அந்த விலக்கலைச் செல்லாதென்றது. நூற்றைம்பது ஆண்டுப் பழைய தாள் இரு முறையும் உயிர்பெற்றது. கிரீன்வுட் மக்களிடம் இல்லாதது அப்படியொரு தாள்தான். அவர்களோடு எவரும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை.

2024 நவம்பரில் மன்றோ நிக்கல்ஸ் துல்சாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 ஜூன் 1 அன்று அவர் 10.5 கோடி டாலர் மதிப்பிலான கிரீன்வுட் அறக்கட்டளைத் திட்டத்தை அறிவித்தார். அதில் 6 கோடி பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் கட்டடங்களைச் சீரமைக்கவும், 2.4 கோடி வீட்டுவசதிக்கும் வீட்டுடைமைக்கும், 2.1 கோடி நிலம் வாங்குதல், கல்வி உதவி, சிறுதொழில் நிதி ஆகியவற்றுக்கும். ஓராண்டுக்குள் தனியார் கொடையாக இத்தொகையைத் திரட்டுவது இலக்கு. இழப்பீடு என்ற சொல்லை மேயர் தவிர்த்தார். 'சீர்செய்தலுக்கான பாதை' என்றார். உயிர்பிழைத்தோருக்கோ வழித்தோன்றல்களுக்கோ நேரடித் தொகை இதில் இல்லை. முந்தைய எந்த மேயரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை என்பதை மறுக்க மாட்டோம். ஓக்லஹோமாவின் அரசியல் சூழலில் பொதுநிதியைத் தொட்டிருந்தால் திட்டம் பிறக்கும் முன்பே மடிந்திருக்கலாம். ஆயினும் 1921இல் துணைக்காவலரை நியமித்ததும், கட்டடம் கட்டத் தடைவிதித்ததும், விரைவுச்சாலைக்கு வழிவிட்டதும் நகரத்தின் ஆட்சியமைப்பு. அதன் கடனை இப்போது கொடையாளரின் நல்லெண்ணம் தீர்க்க வேண்டும் என்றாகிறது. மூன்று பகுப்புகளில் மிகப் பெரியது கட்டடங்களுக்கும் பண்பாட்டுக்கும் போகிறது. நிலம் வாங்குவது மிகச் சிறிய பகுப்புக்குள் கல்வி உதவியோடும் சிறுதொழில் நிதியோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. வாங்கும் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கும் என்பதைத்தான் வடக்குத் துல்சாவின் அமைப்புகள் இனிக் கேட்க வேண்டியிருக்கும். ஃபிளெட்சர் மறைந்தபோது எஞ்சியிருந்தவர் ராண்டல் ஒருவரே. அவரும் 1914இல் பிறந்தவர்.